மறைத்தலும் அருளே

அறிவு என்பது வெளியிலிருந்து மனிதனுக்குள் புகுவதா, உள்ளே உறைந்திருப்பது உரிய காலத்தில் வெளிப்படுவதா என்னும் வினா தத்துவ சாஸ்திரத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. ஆயினும் அது ஞானிகளின் சபையோடு முடிந்துவிடுவதன்று. நாள்தோறும் மணியடித்ததும் கரும்பலகைக்கு முன் வந்து நிற்கும் ஒவ்வோர் ஆசிரியரும், தாம் அறிந்தோ அறியாமலோ, அவ்வினாவுக்கு ஒரு விடையை மனத்தில் கொண்டே பாடத்தைத் தொடங்குகிறார். குழந்தை எத்தகையது என்று அவர் கொண்டிருக்கும் கொள்கை எதுவோ, அதுவே அவர் கற்பிக்கும் முறையாக உருக்கொள்கிறது.

மேனாட்டுத் தத்துவத்தில் இதற்குப் புகழ்பெற்ற விடைகள் இரண்டு உண்டு. பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலில், க்ஷேத்திர கணிதம் பயிலாத ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, கொடுத்த சதுரத்தைப் போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தை அமைப்பது எவ்வாறு என்று சாக்ரடீஸ் வினவுகிறார். பக்கத்தை இரட்டித்தால் போதும் என்கிறான் சிறுவன். பரப்பு நான்கு மடங்காவதைக் கண்டு திகைக்கிறான். மீண்டும் ஒருமுறை தவறி, இறுதியில் மூலைவிட்டத்தின்மீது எழும் சதுரமே வேண்டியது என்று காண்கிறான். ஆன்மா முன்பே அறிந்திருந்ததை நினைவுகூர்வதுதான் கல்வி என்றும், தாம் வினவியதன்றி எதையும் கற்பிக்கவில்லை என்றும் சாக்ரடீஸ் சாதிக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவ ஆசிரியரான ஜான் லாக் இதற்கு நேர்மாறாக, பிறக்கும்போது மனம் எழுத்தில்லாத வெள்ளைத் தாளே என்றும், அனுபவமே அதன்மீது எழுதுகிறது என்றும் வாதித்தார். முன்னதை முற்றும் ஏற்றுக்கொண்டால் ஆசிரியருக்குச் செய்வதற்கு ஏதுமில்லை. பின்னதை முற்றும் ஏற்றுக்கொண்டால் மாணவனுக்குச் செய்வதற்கு ஏதுமில்லை. சிறுவன் தானே கண்டான் என்பது மெய். மூலைவிட்டத்தின் பக்கம் அவன் பார்வையைத் திருப்பியவர் சாக்ரடீஸ் என்பதும் மெய்யே.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது விடை ஒன்றைச் சைவ சித்தாந்தம் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவர் பன்னிரண்டு சூத்திரங்களாக அருளிய சிவஞான போதத்தின் வழிநின்று நோக்கினால், உயிர் அறிவற்ற சடமும் அன்று, தானே அனைத்தையும் அறியவல்ல பூரண அறிவும் அன்று. அறிவித்தால் அறியும் இயல்பினது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் ஒளி இல்லாதபோது அது காணாது, ஒளி இருந்தும் உயிர் உடன்நின்று நோக்காதபோதும் காணாது. அவ்வாறே இறைவன் உயிருக்குப் பொருளைக் காட்டுவதோடு நில்லாமல், அதனோடு உடனாய் நின்று தானும் காண்கிறான் என்பர். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவற்றை இருவகையாகப் பகுத்தும் உரைப்பர்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது பக்குவம் என்னும் கருத்து. அருள் எக்காலத்தும் உள்ளது. ஆயினும் உயிரின் அறிவை மறைத்து நிற்கும் ஆணவ மலம் பரிபாகம் அடையும்வரை உயிர் அதனை ஏலாது. அதுகாறும் இறைவன் ஐந்தொழில்களுள் ஒன்றாகிய மறைத்தலைச் செய்கிறான். மறைப்பதும் அருளாகுமோ என்றால், ஆகும் என்பதே சித்தாந்தத்தின் துணிபு. திரோதானம் எனப்படும் அம்மறைப்புச் சக்தி உயிரை உலக அனுபவங்களில் செலுத்தி, மலத்தின் வலியை மெல்ல மெல்லக் குறைத்து, பக்குவம் வந்தபோது தானே அருட்சக்தியாய் விளங்குகிறது. முத்தி நெறியைப் பற்றிய இக்கோட்பாட்டை முதல் வகுப்புக் கணக்குக்கு இறக்குவது தகுமா என்று ஒருவர் கேட்கலாம். சித்தாந்தம் உயிரின் இயல்பாகக் கூறும் அறிவிக்க அறிதல், ஞானத்துக்கு மட்டுமன்றி உலக அறிவு முழுமைக்கும் பொதுவானது. ஆகவே அது பள்ளிக்கூடத்துக்கும் அயலானதன்று.

இந்நோக்கோடு சென்ற நூற்றாண்டின் குழந்தை ஆராய்ச்சிகளை அணுகினால் வியக்கத்தக்க ஒற்றுமைகள் தோன்றும். 1896ஆம் ஆண்டு சுவிட்ஸர்லாந்தில் பிறந்த ழான் பியாஜே, இளமையில் பாரிஸில் குழந்தைகளின் அறிவைச் சோதிக்கும் வினாக்களைச் செப்பம் செய்யும் பணியில் அமர்ந்திருந்தபோது, சரியான விடைகளைக் காட்டிலும் தவறான விடைகளே தம் கருத்தைக் கவர்வதை உணர்ந்தார். ஒரே பிராயத்துக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறுகிறார்கள் என்றால், அத்தவற்றுக்குள் ஒரு நியாயம் இருக்க வேண்டும் அல்லவா? ஒத்த இரு குவளைகளில் சமமாக நீர் ஊற்றி, அவற்றுள் ஒன்றின் நீரைக் குழந்தையின் கண்ணெதிரே நெடிய குறுகிய பாத்திரத்தில் மாற்றினால், நான்கைந்து வயதுக் குழந்தை நெடிய பாத்திரத்தில்தான் நீர் மிகுதி என்று ஐயமின்றிச் சொல்லும்; ஏறத்தாழ ஏழு வயதில் அதே குழந்தை, ஊற்றி மாற்றியதால் அளவு மாறுமா என்று நம்மையே திருப்பிக் கேட்கும். இவ்விரண்டு விடைகளுக்கும் இடையில் யாரேனும் அதற்கு நீரின் அளவு மாறாது என்னும் பாடத்தை நடத்தியதில்லை. ஊற்றியும் கவிழ்த்தும் அடுக்கியும் கலைத்தும் அது செய்த எண்ணற்ற செயல்களே, உயரத்தையும் அகலத்தையும் ஒருசேர எண்ணும் வன்மையை அதற்கு அளித்தன.

வகுப்பறையில் இதன் பொருள் எளிது, ஆனால் கடைப்பிடிப்பது அரிது. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தையை எல்லா ஆசிரியர்களும் கண்டிருப்பார்கள். நான்கில் ஒன்று போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. பெரியதிலிருந்தே சிறியதைக் கழிக்கலாம் என்று முன்னர்க் கற்ற விதியை அது வழுவாமல் அனுசரித்திருக்கிறது. நாற்பது என்பது நான்கு பத்துக்கள் என்னும் உணர்வு மட்டும் அதற்கு இன்னும் உண்டாகவில்லை. சிவப்பு மையால் பெருக்கல் குறியிட்டு, பக்கத்தில் கடன் வாங்கு என்று எழுதினால் அடுத்த கணக்கு சரியாக வரக்கூடும், உணர்வு வராது. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சியை எடுக்க முடியாத சங்கடத்தில் அதனை நிறுத்திவிட்டுச் சற்று மௌனமாக இருப்பவரே, மறைத்தல் என்னும் தொழிலைச் செய்யும் ஆசிரியர். விடை அவரிடம் உண்டு. அதைக் கொடுக்காதிருப்பதும் அவருடைய கொடையே.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ரோமாபுரியின் ஏழைமக்கள் பகுதியான ஸான் லொரென்ஸோவில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் இம்மறைத்தலைக் கருவிகளுக்குள்ளேயே அமைத்துவிட்டார். பல அளவுகளில் துளையிட்ட கட்டையில் உருளைகளைப் பொருத்தும் குழந்தை ஒன்றை மாற்றி வைத்தால், இறுதியில் ஓர் உருளை தனக்கு இடமின்றி மிஞ்சி நிற்கும். தவறு என்று சொல்லும் குரல் ஆசிரியரிடமிருந்து எழ வேண்டுவதில்லை. 1939இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று வந்த அம்மையார், உலகப் போர் மூண்டதனால் பகைநாட்டுப் பிரஜையாக எண்ணப்பட்டுப் பல்லாண்டுகள் சென்னையிலும் கொடைக்கானலிலும் தங்க நேர்ந்ததும், அக்காலத்தில் நம் நாட்டு ஆசிரியர் பலர் அவரிடம் நேரே பயின்றதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கவை.

இனி, பக்குவம் என்னும் சொல்லில் மறைந்திருக்கும் அபாயத்தையும் நோக்க வேண்டும். இன்னும் பக்குவம் வரவில்லை என்று கூறி ஒரு குழந்தையைக் கடைசி வரிசையில் அமர்த்திவிடுவது மிக எளிது. இன்னாருக்குக் கல்வி ஏறாது என்று கூறி முழுச் சமூகங்களையே பள்ளிக்கு வெளியே நிறுத்திய கொடுமையும் இந்நாட்டில் நெடுங்காலம் நடந்தது. மாணாக்கரை அன்னம், பசு முதலாக எருமை, நெய்யரி ஈறாகத் தரம் பிரிக்கும் நன்னூல், ஆசிரியர் கொள்வோனின் திறமறிந்து கொடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. பின்னதை மறந்து முன்னதை மட்டும் பிடித்துக்கொள்பவருக்கு, இன்று எருமையாகத் தோன்றும் குழந்தை நாளை அன்னமாகலாம் என்பது புலப்படாது.

பக்குவம் என்பது குழந்தைக்குள் முத்திரையிட்டு வைத்த அளவன்று என்பதற்கு ஆராய்ச்சியே சான்று. பியாஜே பிறந்த அதே 1896இல் ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்து, முப்பத்தேழு வயதில் க்ஷயரோகத்தால் மாண்ட லெவ் வைகாட்ஸ்கி ஓர் உதாரணம் கூறுகிறார். தனியே விடப்பட்டால் எட்டு வயதுக்குரிய வினாக்களையே தீர்க்கும் இரு குழந்தைகளுள், சிறிது துணை கிடைத்ததும் ஒன்று பன்னிரண்டு வயதுக்குரியவற்றைத் தீர்க்கிறது; மற்றொன்று ஒன்பதோடு நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே படியில் வைப்பது எங்ஙனம் தகும்? தேர்வு அளப்பது நேற்றுப் பழுத்ததை. துணையோடு செய்யும் காரியம் காட்டுவது நாளை பழுக்கவிருப்பதை. பின்னர் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்ஸனும் அவருடன் ஆராய்ந்தவரும் பியாஜேயின் சோதனையில் ஒரு சிறு மாற்றம் செய்தனர். வரிசையாக அடுக்கிய வில்லைகளைப் பெரியவர் கலைக்காமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைப்பதுபோல் நடத்தியபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சொன்ன குழந்தைகள் வெகுவாகப் பெருகினர். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால், வேறு விடையைத்தான் எதிர்பார்க்கிறார் போலும் என்று குழந்தை கருதியிருக்கலாம். குழந்தைக்குப் பக்குவம் இல்லை என்று நாம் தீர்ப்பளிக்கும் இடங்கள் சிலவற்றில், குறை நம் வினாவில் இருந்திருக்கிறது.

ஆகவேதான் காட்டுதலோடு காணுதலையும் சித்தாந்தம் சேர்த்துச் சொன்னது பொருள் பொதிந்ததாகிறது. குழந்தையின் அருகில் அமர்ந்து, நெடிய பாத்திரத்தை அதன் கண்ணாலேயே ஒருமுறை கண்டவர்தாம், எதைக் காட்டுவது, எதை இன்னும் சிறிது நேரம் மறைப்பது என்பதை அறிவார். இந்த உடன்காணல் இல்லாத மறைத்தல் வெறும் கைவிடல். குழந்தை தானே கற்கும் என்று ஒதுங்கி நிற்கும் சோம்பலுக்குத் தத்துவம் துணை நிற்காது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விதித்ததன் உட்பொருளும் இதுவே என்று கொள்ளலாம். சொற்பொழிவு ஆற்றுவதற்கு முந்நூறு பேரும் மிகுதியில்லை. உடனிருந்து காண்பதற்கு முப்பதே மிகுதி. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் விடையைச் சொல்லிவிட்டு நகரும் ஆசிரியரைக் குறை கூறுமுன், காண்பதற்கு வேண்டிய அவகாசத்தை அவருக்கு நாம் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்வது நீதி.

இறைவனுக்கு உரைத்த தொழிலை மனிதருக்கு உரைக்கும்போது ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. இறைவன் மலமற்றவன், ஆசிரியரோ தாமும் மலத்தால் மறைப்புண்ட உயிர். தமக்குத் தெரியும் என்னும் பெருமிதமே அவர் குழந்தையைக் காணாதபடி தடுக்கும் திரையாகலாம். சகலாகம பண்டிதர் என்று போற்றப்பட்ட அருணந்தி சிவாசாரியார், பாலராயிருந்த மெய்கண்டாரைத் தேடிச் சினத்தோடு வந்து, ஆணவ மலத்தின் ஸ்வரூபம் யாது என்று வினவியதாகவும், மெய்கண்டார் வாய்திறவாமல் அவரையே ஏற இறங்க நோக்கியதாகவும், அந்நோக்கில் விடையைக் கண்ட முதியவர் அக்கணமே அவருக்குச் சீடரானதாகவும் ஐதிகம் கூறும். விடை சொற்களால் தரப்பட்டிருந்தால் பண்டிதர் அதனோடு வாதிட்டிருப்பார். மறைக்கப்பட்டதனால் தம்மிடத்திலேயே கண்டுகொண்டார்.

கல்வி முறைகள் காலந்தோறும் புதுப் பெயர்களோடு வரும். அட்டைகளும் கருவிகளும் கையேடுகளும் மாறும். அவற்றுள் எது நல்லது என்று தேர்வதற்கு ஓர் உரைகல் போதும்: குழந்தை தவறான விடையைச் சொன்ன அக்கணத்தில், அதை உடனே திருத்த வேண்டும் என்னும் எண்ணத்துக்கு முன்பாக, அது ஏன் அவ்வாறு கண்டது என்று அறியும் ஆவலை அம்முறை ஆசிரியரிடத்தில் எழுப்புகிறதா? எழுப்புமாயின், கருவி எளியதாயினும் அங்கே கற்பித்தல் நடைபெறுகிறது.