அறியப்படாத அருவி

பயணம் முடிந்து திரும்பிய மறுவாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "அதிகம் பேருக்குத் தெரியாத அருவிகளாகத் தேடித் தேடிப் போகிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?" கூட்டம் இருக்காது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. கூட்டம்தான் தொல்லை என்றால் பிரபலமான அருவிக்கே விடியுமுன் போய்விடலாம். பிறர் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன் என்பதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசி அருவியைப் பற்றியதா, என்னைப் பற்றியதா என்பதைத்தான் அன்று நான் நண்பரிடம் பேச விரும்பவில்லை.

பெரு நாட்டின் வடக்கில், ஆண்டிஸ் மலையின் மேகக் காட்டில் கோக்டா என்று ஓர் அருவி இருக்கிறது. கோகாசிம்பா என்ற சிற்றூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தேன். அருவி இரண்டு அடுக்கு; மேலடுக்கு 231 மீட்டர், கீழடுக்கு 540. அடியில் நின்று அண்ணாந்தபோது, விழுவது நீராகவே இல்லை. வழியிலேயே புகையாகிக் காற்றின் போக்கில் ஒதுங்கிக்கொண்டிருந்தது. முகம் நனைந்த பிறகுதான் அது நீர் என்று உடம்புக்குப் புரிந்தது.

2002இல் ஸ்டெஃபான் ஸீமன்டார்ஃப் என்ற ஜெர்மானியர் இதைப் பார்த்தார். 2006 மார்ச்சில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, உயரம் 771 மீட்டர், உலகில் மூன்றாவது என்று அறிவித்தார். மூன்றாவதா இல்லையா என்று உடனே வழக்கு கிளம்பியது. வழக்கு இன்றும் தீரவில்லை. எப்படியோ, அருவி 'கண்டுபிடிக்கப்பட்டு' விட்டது. ஆனால் கோகாசிம்பாவில் எந்த வாசலில் நின்றாலும் அது தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே தலைமுறைகள் பயிர் செய்திருக்கின்றன. தடாகத்தில் ஒரு நீர்மகள் காவல் இருக்கிறாள் என்று கதை சொல்லிக் கிட்டப் போகாமல் இருந்திருக்கிறார்கள். அவர்கள் அளக்கவில்லை, அவ்வளவுதான். அளக்காததை அறியாமை என்று எழுதிக்கொண்டது வெளியிலிருந்து வந்த நாம்.

'அறியப்படாத' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. செயப்பாட்டு வினையில் ஒரு சௌகரியம், செய்கிறவன் ஒளிந்துகொள்ளலாம். யாரால் அறியப்படாத? என்னால், என்னைப் போன்றவர்களால். இதைச் சொல்லிவிட்டால் சொல்லின் மர்மம் போய்விடும். எனவே சொல்வதில்லை.

இதற்கு எதிராக ஊர்க்காரனின் மௌனத்தைப் புனிதமாக்குவது சுலபம். நானும் அதைச் செய்யப் பார்த்தேன். எனக்கு முன்னால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் அதைக் கெடுத்தார். பிரியும்போது, "உங்கள் நாட்டில் போய்ச் சொல்லுங்கள், நிறையப் பேர் வரட்டும்" என்றார். எனக்குள் முகம் சுளித்தது. நான் ஏற்கெனவே யாரிடமும் சொல்வதில்லை என்று மனதில் ஒரு சபதம் செய்து, அதை அருவிக்குச் செய்யும் மரியாதையாக நினைத்திருந்தேன். அந்த மரியாதையின் செலவு அவருடையது என்பது அப்போதுதான் உறைத்தது. ஊருக்குப் போகப் பயணச் சீட்டு வைத்திருப்பவன் ரகசியம் காக்கலாம். அந்த மலையிலேயே பிழைக்க வேண்டியவருக்கு அது கட்டுப்படியாகாது.

சொல்லாமல் இருந்தால் அருவி பிழைக்கும் என்பதாவது உண்மையா? பிரேசிலும் பராகுவேயும் சந்திக்கும் இடத்தில், பரனா நதியில் குவைரா அருவிகள் இருந்தன. ஏழு தொகுதிகள் என்பதால் பிரேசிலில் அவற்றை 'செத்தே கேதாஸ்', ஏழு அருவிகள் என்றார்கள். உயரத்தில் பெரிதில்லை, கொட்டிய நீரின் அளவில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனாலும் நயாகராவைத் தெரிந்த உலகத்துக்கு இந்தப் பெயர் தெரியாது. இதைப்பூ அணைக்காக இவை மூழ்கப்போகின்றன என்று தெரிந்ததும் கடைசியாகப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். 1982 ஜனவரியில் தொங்கு நடைபாலம் ஒன்று அறுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கார்லோஸ் ட்ரும்மொன்ட் தெ ஆன்ட்ராடே அருவிகளுக்கு விடைகொடுத்து ஒரு கவிதை எழுதினார். அக்டோபரில் மதகுகள் மூடப்பட்டன. இரண்டே வாரத்தில் நீர்த்தேக்கம் நிரம்பியது.

கண்களும் வந்தன, கவிதையும் வந்தது; அணை நிற்கவில்லை. அணையை வெறுமனே ஏசவும் எனக்கு வாய் வரவில்லை. 14,000 மெகாவாட் என்பது பல லட்சம் வீடுகளின் விளக்கு. நான் இதை எழுதுவதும் எங்கோ ஒரு நதியைத் தடுத்து எடுத்த வெளிச்சத்தில்தான் இருக்கும்.

பார்வை அருவியைக் காப்பாற்றிய இடங்களும் உண்டு. அவை என்னை இன்னும் அதிகமாகச் சங்கடப்படுத்துகின்றன. நயாகரா நீரைப் பங்கிட அமெரிக்காவும் கனடாவும் 1950இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. சுற்றுலாப் பருவத்தில், பகலில், விநாடிக்கு 1,00,000 கன அடி நீர் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சென் கிளயர் அருவி இருக்கிறது. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு, அதற்கும் பகல் வேளையில் நீர் திறந்துவிடுவதாக ஏற்பாடு. பார்ப்பவன் இல்லாதபோது பொருள் இருக்கிறதா என்பது தத்துவக்காரர்கள் பொழுதுபோக்குக்குக் கேட்ட கேள்வி. பொறியாளர்கள் அதற்கு மதகு வைத்துப் பதில் சொல்லிவிட்டார்கள். நயாகராவில் பதில்: பாதி இருக்கிறது.

அந்த மதகு என் மனதிலும் இருக்கிறது என்பதுதான் விஷயம். நான் போன நேரத்துக்கு அருவி இருந்தால் போதும் என்று நினைத்த எத்தனையோ பயணங்கள். பார்த்தாகிவிட்டது, பெயரைக் குறித்தாகிவிட்டது, பிறகு அது வற்றினாலும் என் கணக்கில் குறையாது. சிலர் மட்டுமே வாசிக்கும் இந்தப் பக்கங்களிலும் நாம் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். பெயர் தெரியாத ஒரு கவியைக் கண்டெடுத்து நமக்குள் கைமாற்றிக்கொள்கிறோம். நாலு பேருக்கு அவர் தெரிந்துவிட்டால் லேசாக வருத்தப்படுகிறோம். கவியின் மேல் இருந்த பிரியமானால் அந்த வருத்தத்துக்கு இடமில்லை. சிறுபான்மையாக இருப்பது ஒரு நிலைமை. அதை ஒரு குணமாகப் பாவிக்க ஆரம்பித்த இடத்தில் ஏதோ கெட்டுப்போகிறது.

எனவே சொல்வதா வேண்டாமா என்பது இரண்டாம் பட்சக் கேள்வி என்றே படுகிறது. சொன்னது செத்தே கேதாஸைக் காப்பாற்றவில்லை. சொல்லாமல் இருந்திருந்தாலும் அது மூழ்கியிருக்கும், விடைகொடுக்க ஒருவரும் இல்லாமல். நான் இல்லாத இரவுகளிலும் அருவிக்கு முழு நீர் உண்டு என்று ஒப்புக்கொள்ள முடிகிறதா என்பதே முதல் கேள்வி. அந்த ஒப்புதல் இல்லாமல் போய்ப் பார்ப்பதும் போகாமல் மௌனம் காப்பதும் ஒரே ஆசையின் இரண்டு பாவனைகள்.

கோக்டாவிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அருவி தெரியவில்லை, சத்தம் மட்டும் வெகு தூரம் கூட வந்தது. அது மெல்ல மெல்லக் குறைந்தபோது அருவி குறைவதாகவே காது நம்பியது. தள்ளிப் போய்க்கொண்டிருந்தது நான்தான்.

நண்பருக்கு நேற்று அந்த ஊரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மழை மாதங்களில் போகச் சொன்னேன். குதிரை வேண்டாமென்றாலும் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், பேரம் பேசாதீர்கள் என்றும் சொன்னேன்.