முதலாளி யார்?

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் நம் தாய்மார்கள் பலர் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்தவர்கள். வீட்டு வேலையும் தொழுகையும் போக, மிஞ்சிய பொழுதெல்லாம் அவர்களுக்கு இலையும் தூளும்தான். அப்படி ஒரு தாய் கண் மங்கி, கை ஓய்ந்த நாளில், “எனக்குச் சேரவேண்டிய வைப்பு நிதியை யாரிடம் கேட்பது?” என்றால் நம் பதில் என்ன?

கம்பெனிக்காரர், “அந்த அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை, கடைக்காரரைக் கேளுங்கள்” என்பார். கடைக்காரரோ, “இலையைக் கொடுத்துப் பீடியை வாங்குகிறேன், எனக்குக் கிடைப்பது கமிஷன்தான்” என்பார். இருவர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால், உண்மையைச் சொல்லியே பிறர் ஹக்கை மறைக்கவும் முடியும்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. பீடித் தொழில் 1977-ல்தான் அதில் சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் தங்கள் தொழிலாளர்களே அல்லர் என்று உற்பத்தியாளர்கள் வழக்காடினார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மூலப்பொருளைக் கொடுப்பவர் யார்? சுற்றிவந்த பீடியை ‘இது ஆகாது’ என்று கழிக்கும் உரிமை யாருக்கு? கழிக்கும் உரிமை உள்ளவருக்கு மேற்பார்வையும் உண்டு. ஆகவே அவரே முதலாளி என்று தீர்ப்பாயிற்று. இடையில் காண்ட்ராக்டர் இருந்தாலும், இரு பங்குத் தொகையையும் செலுத்தும் பொறுப்பைக் கம்பெனியின் மீதே அச்சட்டம் வைத்தது. கம்பெனி அதைப் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம், தொழிலாளியை அலையவிடலாகாது.

இது கம்பெனிக்காரரோடு முடிகிற விஷயமல்ல. நாம் வீடு கட்டுகிறோம். சாரத்திலிருந்து சித்தாள் விழுந்தால், “மேஸ்திரியிடம் பேசியாயிற்று, அவரைக் கேள்” என்கிறோம். சுவர் கோணினால் மட்டும் இடித்துக் கட்டச் சொல்கிறோமே! குறை சொல்லும்போது முதலாளி, கொடுக்கும்போது மூன்றாம் மனிதரா?

ஜகாத்தை ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால் அத்தோடு நம் கடமை தீர்ந்ததாக எண்ணுவதில்லை. உரியவரிடம் சேர்ந்ததா என்று விசாரிக்கிறோம். வேலை செய்தவரின் கூலியிலும், முதுமைக்காகப் பிடித்த பணத்திலும் அதே கவலை வேண்டாமா? அதுவும் அமானத்துதானே!

நம் கடையில், தோட்டத்தில், கட்டடத்தில் இடையாள் மூலம் உழைப்பவர் யார் யார் என்று இன்றே ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியவில்லையென்றால், அங்கிருந்தே விசாரிக்கத் தொடங்குவோம். “இடையில் ஒருவர் இருந்தார்” என்ற சமாதானம் மறுமையில் நம்மைக் காப்பாற்றுமா?