புத்தக நாற்காலியில் உட்காரலாமா?

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்றொரு ஊர். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை, 2008 மே மாதம் தீப்பிடித்து எரிந்தது. காபி மெஷினில் தண்ணீர் கசிந்து, ஷார்ட் சர்க்யூட். கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தே விழுந்துவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நூலகத்தின் அரிய புத்தகங்களும் தப்பின.

துறை வேறு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அமைந்த நூலகத்தில், வருகிறவர்களுக்குத் தகவல் சொல்ல ஒரு மேஜை வேண்டும். எதை வைத்துச் செய்தார்கள் தெரியுமா? கழித்துப்போட்ட பழைய புத்தகங்களை வைத்து! செங்கல் அடுக்குவதுபோல் வரிசை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு பலகை. முதுகில் அச்சிட்ட தலைப்புகளோடு ஒரு நீளமான மேஜை.

படத்தைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், நம் ஊர் ஆசாமிக்கு முதலில் பகீர் என்கிறது. புத்தகத்தைப் போய் மேஜையாக்குவதா?

இது டெல்ஃப்டோடு முடிகிற சமாசாரம் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் ஜிம் ரோசனோ என்பவர், வேண்டாமென்று எறியப்பட்ட புத்தகங்களைக் கொண்டே புத்தக அலமாரி செய்கிறார். புத்தகத்தின்மேல் புத்தகம் உட்கார்ந்திருக்கும். செய்முறை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரே அளவுள்ள கெட்டி அட்டைப் புத்தகங்களாகத் தேர்ந்தெடுத்து அடுக்க வேண்டும். பக்கங்கள் பிரியாமல் பசை தடவ வேண்டும். நட்டநடுவே டிரில் போட்டு, மரை வெட்டிய இரும்புக் கம்பியைச் செருகி, இரண்டு முனையிலும் நட்டை முடுக்கினால் ஸ்டூல் கால் தயார். காகிதத்தை லேசாக நினைக்காதீர்கள். இறுக்கி அடுக்கினால் கனத்த ஆசாமியையும் தாங்கும். (நம் ஊரில் செய்தால் கரையானுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அது தனிக் கதை!)

சரி, பகீர் என்றதே... ஏன்?

கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். "ஐயையோ, சரஸ்வதிடா அது!" என்று ஒரு குரல் எல்லார் வீட்டிலும் கேட்டிருக்கும். அந்த சரஸ்வதியின்மேல் உட்காருவதாவது?

ஆனால், இதே வீட்டு வாசலில்தான் பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்து நிற்கிறார். "நியூஸ் பேப்பர் ஒரு ரேட்டு, புக்கு ஒரு ரேட்டும்மா" என்கிறார். புக்குக்கு எப்போதும் குறைந்த ரேட்தான். அந்த அம்மா ஐம்பது பைசா கூட்டிக் கேட்பாரே தவிர, "அது சரஸ்வதி" என்று சொல்ல மாட்டார். கூழாகி அட்டைப்பெட்டி ஆனால் பரவாயில்லை. பொட்டலமாகி வேர்க்கடலை சுமந்தால் பரவாயில்லை. நாற்காலி ஆனால் மட்டும் பாவமா? கண்ணெதிரே புத்தகமாகவே இருப்பதால்தான் உறுத்துகிறது. கண்ணுக்கு மறைவாக நடப்பது உறுத்துவதில்லை.

இங்கிலாந்தில் 2003-ல் எம்6 டோல் என்ற நெடுஞ்சாலையைப் போட்டபோது, மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்கள் சுமார் 25 லட்சம் பிரதிகளைக் கூழாக்கித் தாரோடு கலந்தார்கள். கலவை பிரியாமல் பிடித்துக்கொள்ளுமாம், சத்தமும் குறையுமாம். தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் காதலின்மேல் ஓடுகின்றன. யாரும் பிரேக் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை.

ஆக, நம் உறுத்தலை மட்டும் நம்பி எது சரி, எது தப்பு என்று தீர்ப்பு எழுத முடியாது போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

பக்தியால் புத்தகம் பிழைத்துவிடுமா? உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏட்டுச் சுவடி தேடி அலைந்த கதை நமக்குத் தெரியும். போன இடங்களில் அவர் கேட்ட பதில்கள் என்னென்ன? செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிட்டோம் என்றார்கள். நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்றும் சொன்னார்கள். செய்தவர்கள் யாரும் முரடர்கள் இல்லை. ஏட்டைக் குப்பையில் போட மனசு வராதவர்கள். முறைப்படி, மரியாதையாக, பக்தியோடு அழித்தார்கள். ஆற்றோடு போன ஏடுகளில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. கிரேக்க மேதை ஆர்க்கிமிடீஸின் நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் யாரோ தோலில் படியெடுத்து வைத்திருந்தார்கள். 1229-ல் ஒரு பாதிரியாருக்குப் பிரார்த்தனைப் புத்தகம் எழுதத் தோல் தேவைப்பட்டது. தோல் விலை அதிகம். ஆர்க்கிமிடீஸைச் சுரண்டி எடுத்தார். தாளைக் குறுக்காகத் திருப்பினார், மேலே ஜெபங்களை எழுதினார். மரியாதை? துளிகூட இல்லை. ஆனால், ஜெபப் புத்தகம் என்பதால் அது பல நூற்றாண்டு பத்திரமாக இருந்தது. 1906-ல் ஹைபெர்க் என்ற டென்மார்க் அறிஞர், ஜெபத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்து யாருடையது என்று கண்டுபிடித்தார். 1998-ல் நியூயார்க்கில் அது 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிறகு எக்ஸ்-ரே வரை பயன்படுத்தி எழுத்துகளை மீட்டார்கள். அதிலுள்ள ஒரு நூலுக்கு உலகத்தில் வேறு பிரதியே கிடையாது.

பக்தி அழித்தது. அலட்சியம் காப்பாற்றியது. அதற்காக அலட்சியமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஆர்க்கிமிடீஸுக்கு அடித்தது லாட்டரி. அவரைப்போல் சுரண்டப்பட்டு மீளாமல் போனவர்கள் எத்தனை பேரோ! நான் சொல்ல வருவது இதுதான். புத்தகத்தை எப்படிக் கையாண்டோம் என்பது இரண்டாவது கேள்வி. கையாளுமுன் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தோமா என்பதே முதல் கேள்வி. ஆற்றில் விட்டவரும் பார்க்கவில்லை, சுரண்டியவரும் பொருட்படுத்தவில்லை.

'வேண்டாத பழைய புத்தகம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாருக்கு வேண்டாதது? எப்போது வேண்டாதது? வேண்டாமை என்பது புத்தகத்தின் குணம் இல்லை. அந்த நேரத்தில் அதைக் கையில் வைத்திருப்பவரின் நிலைமை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'புக் வேல்யூ' தெரிந்திருக்கும். ஒரு சொத்தை வாங்கிய விலையிலிருந்து வருடா வருடம் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டே வந்தால், கணக்கில் மிஞ்சுகிற தொகை. லாரிக்குப் பொருந்தும், லேத் மெஷினுக்குப் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், புத்தகத்துக்குத்தான் புக் வேல்யூ சரியாகப் பொருந்தாது! போன வருட வருமான வரி கைடைப் போல உலகத்தில் செத்த பொருள் உண்டா? அடுத்த பட்ஜெட்டோடு அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால், 1973-ஆம் வருட கைடு ஒன்று கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். வருமானத்தின் உச்சப் படியில் வரி, சர்சார்ஜ் சேர்த்து 97.75 சதவிகிதம். அந்தப் படியில் நூறு ரூபாய் சம்பாதித்தவர் கையில் மிஞ்சியது இரண்டே கால் ரூபாய். அந்தக் காலத்தில் கறுப்புப் பணம் ஏன் அப்படிப் பெருகியது என்று புரிய, அந்தச் செத்த கைடின் ஒரு பக்கம் போதும். தேய்மானம் போய் ஏறுமானம் ஆகிவிட்டது!

"அதுக்காக எல்லாத்தையும் வெச்சுக்க முடியுமா சார்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. முடியாது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் படிக்கிறார்கள். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது முதல் விதியின் சாரம். எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாவதன் சாரம். நூலகம் வளர்கிற உயிர் என்பது ஐந்தாவது. வளர்கிற உயிர் கழிக்கவும் வேண்டும். முதல் விதி 'பயனில்லாததைக் கழி' என்கிறது. மூன்றாவது விதி 'பொறு, அந்த ஒருவர் நாளைக்கு வரலாம்' என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தினமும் முடிவெடுப்பவர்தான் நல்ல நூலகர்.

அந்த முடிவு இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. அப்பா காலமாகிறார். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அக்காவும் தம்பியும் அந்த இரண்டு பீரோவின் முன் நிற்கிறார்கள்.

"நீ எடுத்துக்கறியாக்கா?"

"என் ஃப்ளாட்ல ஏதுடா இடம்? உன் பசங்க படிக்க மாட்டாங்களா?"

"அதுங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவே அரை மணி நேரம் ஆகும்."

நூலகத்தில் கேட்டால், "இதெல்லாம் எங்ககிட்டயே ரெண்டு செட் இருக்கு" என்பார்கள். தவணையில் வாங்கிய பிரிட்டானிக்கா வால்யூம்கள் வேறு. அந்த கம்பெனியே 2012-ல் அச்சுப் பதிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. அந்தத் தம்பி சில புத்தகங்களை அடுக்கி, கண்ணாடி போட்டு, ஹாலில் ஒரு டீப்பாய் செய்துகொண்டால் அது அப்பாவுக்கு அவமானமா?

இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால், டிரில்லை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: பிரித்துப் பார்த்தீர்களா? ஒவ்வொன்றையும். பென்சில் அடிக்கோடு, உள்ளே ஒரு பழைய இன்லாண்ட் லெட்டர், முதல் பக்கத்தில் வாங்கிய தேதி, ஊர். அப்பா வாய் திறந்து சொல்லாத பல விஷயங்களை அங்கேதான் சொல்லியிருப்பார்.

இரண்டு: இது லட்சத்தில் ஒன்றா, கடைசி ஒன்றா? பிரிட்டானிக்கா உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால், 1930-களில் ஏதோ சின்ன ஊர் அச்சகத்தில் போட்ட மருத்துவச் சுவடி, நாடகப் பாட்டுப் புத்தகம், ஜாதிச் சங்க மலர்? 1954-ல் வந்த சட்டப்படி, பதிப்பாளர்கள் சென்னை கன்னிமரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அதற்கு முந்தையதற்கு அந்த உத்தரவாதம் இல்லை. பிந்தையதிலும் எல்லாரும் அனுப்புவதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற சைன்போர்டு ஓவியர் இருந்தார். மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் தேடித் தேடி வாங்கினார். நோட்டீஸ், அழைப்பிதழ் உட்பட! 1992-ல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தது சுமார் ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துச் சென்னையில் எழுந்ததுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எடைக்கடைக்காரருக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம்தான். இவர் பிரித்துப் பார்த்தார்.

மூன்று: வேறு யாரையாவது கேட்டீர்களா? பிளாட்பாரப் பழைய புத்தகக்காரரிடம், நூலகத்தில், அப்பாவின் நண்பர்களிடம்? உங்களுக்கு வேண்டாதது உலகத்துக்கே வேண்டாதது ஆகிவிடாது.

இந்த மூன்றையும் தாண்டி மிஞ்சுவதை மேஜையாக்குங்கள். கூழாவதைவிட மேல்.

இதில் ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நியூயார்க்கின் ஸ்ட்ராண்ட் புத்தகக் கடையில் புத்தகத்தை அடிக்கணக்கில் வாங்கலாம். திரைச்சீலைக்குப் பொருத்தமாக நீலத்தில் ஆறு அடி, பழுப்பில் பத்து அடி! ஹோட்டல் வரவேற்பறைகளிலும், பணக்கார வீடுகளிலும் அழகுக்கு வைக்கிறார்கள். டீப்பாய் செய்தவர் இது டீப்பாய் என்கிறார். நேர்மை. அடிக்கணக்கில் வாங்குகிறவர், 'நான் படித்தவன்' என்று சுவரைச் சொல்ல வைக்கிறார். புத்தகத்தை முழுசாக வைத்திருந்தும் அதை ஃபர்னிச்சர் ஆக்கிவிடுகிறார்.

யோசித்தால் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வருடத்தில் ஒரு நாள் புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத் துணி போர்த்துகிறோம். அன்றைக்குப் படிக்கக் கூடாது என்பது வழக்கம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். தப்பில்லை, ஒரு நாள்தானே! ஆனால் மிச்சம் 364 நாளும் அதே அடுக்கு கலையாமல் இருந்தால்?

படித்து முடித்த புத்தகத்தின்மேல் காபி டம்ளர் வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். பிரிக்காமலே அடுக்கினால்தான் கோபிப்பாள். பூஜை அறையானாலும் சரி, வரவேற்பறையானாலும் சரி.