மும்மணியும் முழுமைக் கல்வியும்



பள்ளி என்னும் சொல் பண்டு சமண அறவோர் உறைவிடத்தைக் குறித்தது. நோன்பும் நூற்பயிற்சியும் அங்கு ஒருங்கே நிகழ்ந்தமையால், கற்குமிடத்திற்கும் அதுவே பெயராயிற்று என்பர். திருவதிகைக்கு அணித்தேயுள்ள திருப்பாதிரிப்புலியூரில் அத்தகைய பெரும்பள்ளி விளங்கிற்று. உலகின் அமைப்பை உரைக்கும் லோகவிபாகத்தைச் சர்வநந்தி முனிவர் கி.பி. 458இல் அங்கு இயற்றினார் என்பது ஆய்வாளர் கருத்து.

மருந்தில் நம்பிக்கை, மருந்தைப் பற்றிய அறிவு, மருந்தை உட்கொள்ளல் ஆகிய மூன்றும் கூடினாலன்றிப் பிணி தீராது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளும் அவ்வாறே. குழந்தைக் கல்விக்கும் இதுவே நெறியாகும்.

திருவண்ணாமலையை அடுத்து 2009இல் தொடங்கப்பெற்ற மருதம் பண்ணைப் பள்ளி என்னும் சிறுபள்ளியில், ஏட்டுக் கல்வியோடு உழவும் கைவினையும் மரம் வளர்த்தலும் இடம்பெறுகின்றன. அது சமயப் பள்ளியன்று. எனினும், அறிவோடு கையும் உள்ளமும் வளரவேண்டும் என்னும் கொள்கை நமக்கும் உரியதே.

நம் இல்லங்களில் நிகழ்வது யாது? மாலைத் தனிவகுப்பு முடிந்து பிள்ளை வீடு திரும்புமுன் கதிரவன் மறைந்துவிடுகின்றான். இரவுண்ணா நோன்பு முதலில் நழுவுகின்றது. பின்னர் ஜினாலய வழிபாடும் நழுவுகின்றது. 'தேர்வு முடியட்டும்' என்று பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், நிறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு நம் அறம் வெறும் ஏட்டுச் செய்தியாகவே எஞ்சும்.

நெடுங்காலம் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த நாம் வேண்டுவது ஒன்றே. தனிவகுப்பின் நேரத்தை மாற்றித்தரக் கேளுங்கள். இயலாதெனில் உணவைக் கட்டிக்கொடுத்துப் பொழுதிருக்கவே உண்ணச் செய்யுங்கள். அச்சோற்றுப் பொதியும் ஒரு பாடநூலே.

அறம் வளர்க!