தடுக்கப்பட்ட நூலும் பாடப்பட்ட நூலும்

ஆடலூர்ச் சரிவுகளில் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியைக் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் ஆங்கிலக் கவிஞரின் நினைவு எழுகிறது. மிளகு வாணிகத்திற்கென்று வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல்களுள் ஒன்றில், ஆறு மாதங்களுக்கு மேல் கடலில் அலைந்து, 1579 அக்டோபரில் கோவாவில் இறங்கினார் இயேசு சபைத் துறவி தாமஸ் ஸ்டீவன்ஸ்.

அவர் விட்டுவந்த இங்கிலாந்தில் கத்தோலிக்க விசுவாசம் அரசின் கண்ணில் குற்றமாயிருந்தது. அவர் சபையைச் சேர்ந்த கவிஞர் இராபர்ட் சவுத்வெல் 1586இல் மறைவாகத் தாயகம் திரும்பி, 1592இல் பிடிபட்டு, வதைக்கப்பட்டு, 1595இல் தூக்கிலிடப்பட்டார். கவிஞர் ஜான் டன்னின் தம்பி, ஒரு குருவானவருக்கு அடைக்கலம் தந்ததற்காகச் சிறைப்பட்டு, 1593இல் அங்கேயே மாண்டார். டன் பிற்காலத்தில் ஆங்கிலிக்கன் சபையின் குருவானார். அவரைக் கோழை என்பாருண்டு. தம்பியைச் சிறையில் பறிகொடுத்தவரை நோக்கி அச்சொல்லை வீச நாம் துணியோம்.

ஆனால் ஸ்டீவன்ஸின் வாழ்வு எழுப்பும் வினா இவற்றினும் கடினமானது. வற்புறுத்தலின் நாட்டிலிருந்து வந்தவர், இன்னொரு வற்புறுத்தலின் நிழலில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கோவாவில் 1560இலேயே சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டுவிட்டது. அவர் பணியாற்றிய சால்செட் பகுதியின் கோயில்கள் 1567இல் இடிக்கப்பட்டிருந்தன. 1583இல் குங்கோலிம் ஊரார் இயேசு சபையினர் ஐவரைக் கொன்றனர். பின்னர் அவ்வூர்த் தலைவர்கள் பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்டுப் போர்ச்சுக்கீசியரால் கொல்லப்பட்டனர். முன்னவர்க்கு நாம் விழா எடுக்கிறோம். பின்னவரைப் பற்றி நம் ஏடுகள் அதிகம் பேசுவதில்லை. (நம் வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றியபோது அவர் பின்னே அந்நியப் படை எதுவும் நிற்கவில்லை என்பதை எண்ணி நாம் ஆறுதல் கொள்ளலாம்.)

அந்த மண்ணில்தான் ஸ்டீவன்ஸ் மராத்தியில், கொங்கணிச் சொற்கள் கலந்து, ஓவி யாப்பில் ஏறக்குறைய பதினோராயிரம் பாக்களில் கிறிஸ்து புராணத்தைப் பாடினார். 1616இல் ராச்சோலில் அச்சாயிற்று. நூலினுள்ளே புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் கேட்கிறார்: எங்கள் பழைய புராணங்களைத் தடுத்துவிட்டீர்களே, அவற்றுக்கு ஈடாக எங்களுக்கென்று ஒன்று தரலாகாதா?

தம் நூல்கள் தடுக்கப்படுவது எத்தகைய துயரம் என்பதை இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வேண்டுகோளில் ஸ்டீவன்ஸ் தம் சொந்த மக்களின் குரலைக் கேட்டாரா? கேட்டிருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம். இல்லையேல் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆயினும், தடுத்தது சரியா என்று அவர் தம் நூலில் வினவவில்லை. அந்த மௌனத்தை அவருடைய பக்தியைக் காட்டி நம்மால் மன்னிக்க இயலவில்லை. அதற்காக அவருடைய பாட்டை ஒதுக்கவும் மனம் வரவில்லை.

அவர் இறந்தது 1619இல். 1684இல் போர்ச்சுக்கீசிய ஆளுநர், மக்கள் மூன்றாண்டுகளுக்குள் கொங்கணியை விட்டுப் போர்ச்சுக்கீசியமே பேச வேண்டுமென்று ஆணையிட்டார். கிறிஸ்து புராணத்தின் பழைய அச்சுப் படிகள் மறைந்தே போயின. மக்கள் கையால் எழுதிப் பேணிய படிகளைக் கொண்டே 1907இல் மங்களூரில் அது மீண்டும் அச்சேறியது.