புகழ்ச்சி என்னும் சுமை

"மானிடர் கடவுளைத் துதித்து மகிமைப்படுத்த வேண்டும் என்று கிறிஸ்தவர் நம்புவது ஏன்?" என்னும் வினா நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. எழுந்தவுடன் நம்மவருள் சிலர், "அவர்கள் கடவுளுக்குப் புகழ்ப்பசி போலும்" என்று நகைத்துவிட்டு அப்பாற் செல்வர். யானும் அவ்வாறு நகைத்தவனே. அந்நகைப்பு அடங்கிய விதத்தையும், அதன்பின் அவ்வினாவை ஆராய்ந்து கண்ட பொருளையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வடகரப்பதியைச் சூழ்ந்த எல்லையோர ஊர்களில் தமிழ் பேசும் கிறிஸ்தவர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். பாலக்காட்டுப் பகுதியின் இலத்தீன் முறைக் கத்தோலிக்கருக்கென 2013ஆம் ஆண்டு சுல்தான்பேட்டை மறைமாவட்டமும் அமைக்கப்பட்டது. யான் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில் அடுத்த இயந்திரத்தில் நின்றவர் இவ்வூர்ப்புறத்துக் கத்தோலிக்கர் ஒருவரே. ஆலையை விட்டு அறவுரை கூறத் தொடங்கிய புதிதில், தெருக்கூட்டம் ஒன்றில், "முதலாளி மாலைக்கு ஏங்குவான், உலகைப் படைத்தவனுமா ஏங்குவான்?" என்று கேட்டேன். கூட்டம் கை தட்டி ஆரவாரித்தது. அந்த நண்பரும் கூட்டத்தில் நின்றிருந்தார். ஒன்றும் பேசாமற் சென்றவர், மறுநாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"அண்ணா, நேற்று ஜனங்கள் கை தட்டினார்களே, அந்தப் புகழை எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்தீர்கள்? எனக்கு யாராவது நல்ல பேர் சொன்னால், சாயங்காலம் அதைக் கோயிலில் இறக்கி வைத்துவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்குப் போகிறேன்" என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. முந்திய இரவு முழுதும் அக்கைதட்டலை நினைந்து நினைந்து உறங்காதிருந்தவன் யான். புகழ்ப்பசி கடவுளுக்கென்று பிறரிடம் கூறினேன். பசித்திருந்தவனோ என் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

நம் நாட்டுப் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல் நாட்டுதல் மரபு. மலையாளத்தார் அதனை அத்தாணி என்பர். தலைச்சுமையோடு வருவோன் பிறர் உதவியின்றியே சுமையை இறக்கி இளைப்பாறுதற்கு உரியது அது. அக்கல்லுக்குச் சுமை வேண்டுமோ? வேண்டாம். சுமப்பவனுக்கே கல் வேண்டும். துதியைப் பற்றிக் கிறிஸ்தவர் கூறுவதன் உட்பொருளும் இதுவே என்று அன்று எனக்குத் தோன்றிற்று. பின்னர் அவர்தம் நூல்களைத் தேடிப் படித்தேன்.

படித்தவிடத்து, நமது ஏளனத்துக்கு அவர்கள் முற்காலத்திலேயே விடை கூறியிருத்தல் கண்டேன். உலகும் அதிலுள்ள யாவும் தம்முடையனவாக இருக்க, காளைகளின் இறைச்சி தமக்கு எதற்கு என்று கடவுளே வினவுவதாக அவர்தம் 50ஆம் சங்கீதம் கூறுகின்றது. 2ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயராயிருந்த இரனேயு என்பார், மனிதன் செய்யும் தொண்டினால் கடவுளுக்குக் கூடுவது ஒன்றுமில்லை, நன்மை பெறுவோன் மனிதனே என்றார். மனிதன் உயிர்ப்புடன் நிறைவாழ்வு வாழ்தலே கடவுளின் மகிமை என்றும் எழுதினார். பிரித்தானிய எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், இறைநம்பிக்கை இழந்திருந்து பின் கிறிஸ்தவரானவர். கடவுள் தம்மைப் புகழுமாறு கேட்பது தமக்கும் இடறலாக இருந்ததென்று, சங்கீதங்களைப் பற்றி 1958இல் வெளியிட்ட நூலில் அவர் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார்.

ஆயின், துதி எதன்பொருட்டு? அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று.

முதலாவது நன்றி. உயிரும் உலகும் கொடையென்று நம்புவோன், கொடுத்தவனை நினைத்தல் முறைமை என்பர்.

இரண்டாவது மகிழ்ச்சி. 1647இல் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, கடவுளை மகிமைப்படுத்தலும் அவரில் என்றென்றும் மகிழ்தலுமே மனிதனின் தலையாய நோக்கம் என்று இரண்டையும் ஒருசேரக் கூறிற்று. நல்லதைக் கண்டவன் வாய் மூடியிரான். வாளையாறு மலைமேல் கருமேகம் திரளக் கண்ட உழவன் அடுத்தவனைக் கூவி அழைத்துக் காட்டுவான். பாராட்டும்போதே மகிழ்ச்சி நிறைவுறுகின்றது என்பதே லூயிஸ் இறுதியிற் கண்ட விடை.

மூன்றாவது அகந்தை நீங்குதல். மனிதன் எதையேனும் புகழாதிரான். கடவுளைப் புகழாவிடின் பொன்னையோ மன்னனையோ தன்னையோ புகழ்வான். ஆதலின், உண்பதும் குடிப்பதும் உட்பட எச்செயலையும் கடவுளின் மகிமைக்கென்றே செய்யுமாறு பவுல் அடிகள் எழுதினார். கடவுளின் மேலான மகிமைக்காக என்பதே இயேசு சபையாரின் குறிக்கோள் வாசகமும் ஆயிற்று. மேற்பார்வையாளர் பார்த்தாலும் பாராவிட்டாலும், அறுந்த இழையை என் நண்பர் ஒரே கவனத்தோடு இணைத்துவந்த காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

எனினும், சொல்லை வாழ்க்கையில் உரைத்துப் பார்த்தல் வேண்டுமன்றோ? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் எழுப்பிய ஆலயத்தில், உயர்ந்தோர் எனப்பட்ட சாதியாரையும் ஏனையோரையும் பிரித்து நடுவே சுவர் நின்றது. சுவரின் இருபுறமும் ஒரே கடவுளுக்கு ஒரே துதி எழுந்தது. 1910இல் திருச்சபைத் தலைவர்களே அச்சுவரை அகற்றினர். அதனை மீண்டும் எழுப்பவேண்டும் என்று சாதியுரிமை கோரியோர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. சுவர் நின்ற காலத்தில் அத்துதி யாரை மகிமைப்படுத்திற்று? கடவுளின் பெயரால் சாதியன்றோ மகிமை பெற்றது? நீதி ஆறாக ஓடாதவிடத்து உங்கள் பாட்டின் இரைச்சல் எனக்கு வேண்டாம் என்று கடவுள் வெறுத்துரைப்பதாக அவர்தம் ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசியே முழங்கியிருக்கிறார். ஆகவே இக்கண்டனம் புறத்திருந்து யாம் சுமத்துவதன்று. அவர்தம் வேதமே கூறுவது.

இனி நம் பகவன் உரைத்தது யாது? குசினாராவில் இரட்டைச் சாலமரங்களின் இடையே பரிநிர்வாணம் எய்தும் வேளையில், பருவமன்றியும் மரங்கள் பூத்து அவர்மேல் மலர் சொரிந்தன; வானில் இசை எழுந்தது. அதனைக் கண்ட பகவன், ததாகதரைப் போற்றும் முறை இதுவன்று, தம்மத்தின்வழி ஒழுகுவோரே மேலான பூசை செய்வோர் என்று ஆனந்தருக்கு அருளினார். தம்மைப் பிறர் பழித்தால் சினவற்க, புகழ்ந்தால் களிப்பில் மிதவற்க, உள்ளது உள்ளதெனவும் அல்லது அல்லதெனவும் மட்டும் கூறுக என்று பிரம்மஜால சூத்திரத்தில் பிக்குகளுக்கு உரைத்தார். தம் சமயத்தில் தமக்கென ஓரிடம் வைத்துக்கொள்ளாதவர் புத்தர் என்று அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டியதன் பெருமை இதுவே.

வேறுபாடு இங்கேதான் உளது. கிறிஸ்தவர் புகழைத் தம் தலையினின்று இறக்கி வேறொருவரிடம் சேர்க்கின்றனர். நாமோ, படைத்தோன் ஒருவன் உளன் என்று கொள்ளோம். ஆதலின் நமக்கு அந்தக் கல் இல்லை. சுமப்பவன் யார் என்று ஆராய்வதே நம் வழி. ஐங்கந்தங்களுள் 'யான்' என ஒன்று அகப்படாதபோது, புகழ் ஏறி அமரத் தலை ஏது? ஆனால் அன்பர்களே, கல் வேண்டாம் என்று கூறுதல் எளிது. சுமையைத் தூக்காதிருத்தல் அரிது. அநாத்மத்தை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, எத்தனை பேர் கை தட்டினர் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பிய உபதேசி ஒருவனை யான் நன்கறிவேன். வைசாகப் பௌர்ணமியில் நாம் விளக்கேற்றிப் பகவனைப் போற்றுகையிலும், போற்றப்படுவது பகவனா, நம் சங்கத்தின் பெருமையா என்று கேட்டுக்கொள்ளல் தகும்.

அந்நண்பர் பௌத்தராகவில்லை, யானும் கிறிஸ்தவனாகவில்லை. ஆயினும் அன்றுமுதல் பிறர் துதியை மேடையில் ஏளனம் செய்வதை நிறுத்தினேன். துதித்து எழுந்தவன் அயலானைத் தன்னோடு சமமாக அமர்த்துவானாயின், அவன் துதி பொய்யன்று. புத்தரைச் சரணடைந்தவன் அயலானை இகழ்வானாயின், அவன் சரணம் வெறுஞ்சொல்லே. கூட்டம் முடிந்து திரும்பும் இரவுகளில், அந்த நண்பரின் வினாவை யான் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். விடை எல்லா இரவும் எனக்குச் சாதகமாக இருப்பதில்லை. எனினும் கேட்பதை விடேன், நீங்களும் விடாதீர்கள்.

எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.