வைராக்கியமா, பிடிவாதமா?



"எடுத்த காரியத்தைப் பாதியில விடக் கூடாது." வீட்டிலும் பள்ளியிலும் கோயில் சமய வகுப்பிலும் நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த பேச்சு இது. தைப்பூசத்துக்கு விரதம் எடுத்தவரை, "சிரமமா இருந்தா விட்டுடுங்க" என்று யாரும் சொல்வதில்லை. பத்துமலையில் 272 படிகளையும் ஏறி முடித்தால்தான் நேர்த்திக்கடன் தீரும். இதை வைராக்கியம் என்று போற்றுகிறோம். அதே மனிதர் வேறொரு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காமல் நின்றால், பிடிவாதம் என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. அப்போ எதை வைத்துப் பிரிப்பது?

எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்தில் வரவில்லை. நேப்பாளத்தில், பனி மூடிய ஒரு காட்டுப் பாதையில் வந்தது.

முக்திநாத் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைணவர்கள் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமமாக வணங்கும் தலம். புத்த சமயத்தாருக்கும் அது புனித இடம். கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள் விழுகின்றன. ஜீப்பிலேயே போய்விடலாம். ஆனால் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடந்து, 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடந்து, மறுபக்கம் இறங்கியும் போகலாம். கிள்ளானிலிருந்து போன நாங்கள் ஐந்து பேரும் நடக்கத்தான் முடிவு செய்தோம். கூட ஒரு வழிகாட்டி, சுமை தூக்க இரண்டு பேர்.

அக்டோபர் மாதம். வானம் தெளிவாக இருக்கும், மலையேற நல்ல காலம் என்று எல்லாரும் சொல்லும் மாதம். சாமே என்ற ஊரைத் தாண்டியதும் பைன் மரக்காடு ஆரம்பிக்கும். காலையில் தூறலாக இருந்தது, மதியத்துக்குள் பனியாக மாறிவிட்டது. இலையுதிர் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மஞ்சளாகிப்போன இலைகள் இன்னும் மரத்திலேயே இருந்தன. அந்த இலைகள் மேலேயே பனி விழுந்து தங்கியதால் சின்னக் கிளைகள் பாரம் தாங்காமல் ஒடிந்தன. பைன் கிளைகள் வளைந்து வளைந்து, பொத்தென்று பனியைக் கொட்டின. பார்க்க அவ்வளவு அழகு! நம்ம ஊரில் மழையும் வெயிலும் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆனால் காலத்துக்கு முன்னே வரும் பனி, குளிர்காலப் பனியைவிட ஏமாற்றும். அது ஈரப் பனி. உடுப்பில் பட்டதும் உருகி உள்ளே இறங்கும், இரவில் உறைந்துவிடும். யாரும் அதற்குத் தயாராக வந்திருக்கவும் மாட்டார்கள். ஈரத் துணி உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும். உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம் மட்டும் இல்லை, புத்தியும் மங்க ஆரம்பிக்கும். அதனால் "ரொம்ப முடியலைன்னா அப்போ பார்த்துக்கலாம்" என்ற பேச்சு அங்கே செல்லாது. முடியாமல் போகும் நேரத்தில் முடிவெடுக்கிற புத்தி கையில் இருக்காது.

2014 அக்டோபரில் நடந்ததை எங்கள் வழிகாட்டி அன்று இரவு நினைவுபடுத்தினார். வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே போய் இமயத்தில் மோதி, 14-ஆம் தேதி இதே மலைகளில் பனியாகக் கொட்டியது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். தோரோங் லாவைக் கடந்து முக்திநாத் பக்கம் இறங்கும்போதே பலர் போய்விட்டார்கள். இறந்தவர்களில் வெளிநாட்டுப் பயணிகள் மட்டுமல்ல, அவர்களோடு போன நேப்பாளிகளும் இருந்தார்கள்.

மறுநாள் காலை பீசாங் ஊரில் பனி நிற்கவில்லை. "கணவாய்க்கு நான் உத்தரவாதம் தர முடியாது. முடிவு உங்களுடையது" என்றார் வழிகாட்டி. எங்களில் மூத்த அண்ணன், "இவ்ளோ தூரம் வந்துட்டு சாமியைப் பார்க்காம திரும்புறதா? மனசுல உறுதி இருந்தா போயிடலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவுக்காக வேண்டிக்கொண்டு வந்தவர்.

சுமை தூக்கி வந்த இருவரில் ஒருவர் மலேசியாவில் ஆறு வருடம் பாதுகாவலராக வேலை செய்தவர். எங்களோடு மலாய்மொழியில்தான் பேசுவார். எங்களுடைய இரண்டு பைகளைச் சேர்த்துக் கட்டி, பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்குவார். காலில் சாதாரண துணிக் காலணி. அண்ணன் அவரிடம், "மேலே போகலாமா?" என்று கேட்டார்.

"போலே, பாஸ்" என்றார் அவர் உடனே.

அப்போது எங்கள் குழுவில் இருந்த ஓர் அக்கா குறுக்கிட்டார். "இருங்க, அப்படிக் கேட்டா எப்படி? கூலி போயிடுமேன்னு பயந்து அவர் வேற என்ன சொல்வாரு?" பிறகு அந்த இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "திரும்பினாலும் 12 நாள் கூலியும் முழுசா உங்களுக்குத்தான். இப்பவே தந்துடறோம்." பணத்தை எண்ணிக் கையில் கொடுத்த பிறகுதான் கேட்டார்: "இந்தப் பையைத் தூக்குறது உங்க தம்பியா இருந்தா, இன்னைக்கு மேலே அனுப்புவீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சன்னல் வழியே காட்டைப் பார்த்தார். "தாக் போலே" என்றார். முடியாது.

ஒரே ஆள், ஒரே மலை, ஒரே பனி. பத்து நிமிடத்துக்குள் பதில் மாறியது. நாங்கள் திரும்பினோம்.

இதைத்தான் உங்களோடு பகிர நினைத்தேன். வைராக்கியத்தையும் பிடிவாதத்தையும் பிரிப்பது மன உறுதியின் அளவு இல்லை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதுதான். காவடி எடுப்பவர் தன் உடம்பால் கொடுக்கிறார். விரதம் அவருடையது, வலியும் அவருடையது. கூட வருபவர்கள் தண்ணீர் கொடுப்பார்கள், வேல் வேல் என்று குரல் கொடுப்பார்கள், ஆனால் அவருடைய வேண்டுதலுக்காக யாரும் உயிரைப் பணயம் வைப்பதில்லை. என் உறுதிக்கு இன்னொருவர் கால் விரல் பனியில் கருகிப் போகும் என்றால், அதற்கு வைராக்கியம் என்று பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை.

மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் இமயத்தில் ஏறிப் போகிறார்கள். திரௌபதியும் தம்பிமார்களும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமர் நிற்காமல் நடக்கிறார். "அவரே திரும்பலையே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் ஆறு பேரும் எல்லாவற்றையும் துறந்து, உயிரை விடவே தாமாகக் கிளம்பியவர்கள். யாரும் யாருடைய மூட்டையையும் கூலிக்குத் தூக்கவில்லை. அதே தருமர், தன்னை நம்பிக் கூடவே வந்த ஒரு நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொன்னபோது, அந்தச் சொர்க்கமே வேண்டாம் என்று நின்றுவிட்டார். போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணெதிரே இருக்கு, ஆனாலும் நின்றார். இமயத்தில் அவர் காட்டிய பெரிய உறுதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மலையேறாதவர்களுக்கும் இது பொருந்தும். நம் இயக்கத்திலேயே பாருங்கள். பரீட்சை நேரத்தில் ஒரு தம்பியிடம், "விழாவுக்கு ராத்திரி முழுக்க இருந்து மேடை கட்ட முடியுமா?" என்று கேட்கிறோம். "சரிங்க அண்ணே" என்கிறான். வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம், "இன்னைக்கு லேட்டாகும், பரவாயில்லையா?" என்கிறோம். "பரவாயில்லம்மா" என்கிறார். அந்தச் "சரி"க்குள் சம்மதம் எவ்வளவு, பயம் எவ்வளவு? நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பதில் நமக்கு வசதியாக இருக்கு.

"முடியாது" என்று சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம் என்று முதலில் யோசியுங்கள். கூலியா, நல்ல பெயரா, நம்முடைய அன்பா? அந்த நஷ்டத்தை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் கேளுங்கள். அந்த அக்கா செய்தது அவ்வளவுதான். அடுத்த விழாவுக்குப் பொறுப்புகளைப் பிரிக்கும்போது, "முடியலைன்னா சொல்லுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்று முதலில் சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகு, யாராவது உண்மையிலேயே முடியாது என்றால், நினைக்காமலும் இருங்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.